பட்டம்பாங்கில இருந்து மானிப்பாய் மட்டும்

புதன், புனோம் பென் போற பஸ்

கனபேர் கம்போடியாவைப் பற்றி எப்ப எழுதப்போறாய் எண்டு கேட்டுக்கொண்டிருந்தனீங்கள். அங்க இருக்கேக்க ஏலேல்லை, பகல் முழுக்கக் கையெல்லாம் பிளாஸ்ரர் ஒஃப் பாரிஸ், இரவில சாப்பிட்ட உடன கண் மூடிப்போகும். இப்ப வீட்டை திரும்பிற வழி, பட்டம்பாங்கில இருந்து புனோம் பென்னுக்கு பஸ்ஸில ஒரு பகல் போகும், சும்மா தானே இருக்கிறன், அதால இண்டைக்குத் தொடங்கி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாப் போடுறன்.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், நான் செயற்கைக் கால் செய்யிற வேலை. ராகமவில படிச்சிட்டு யாழ்ப்பாணத்தில வேலை செய்யிறன். ஆசியாவில கொஞ்ச நாட்டுச் சபைகள் சேந்து இளம் ஆக்களை ஒரு சம்மருக்குக் கம்போடியாவில ஊழியத்துக்கு விட்டவை, எங்கட சேர்ச்சில இருந்து நான் போனனான். மற்றவை இங்கிலிஷ் படிப்பிச்சினம், சின்னப் பிள்ளையளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்தினம், எனக்கு கால்.

பஸ் யன்னலால பாத்தா வயலும் பனையும், பனையும் வயலும். எங்கட பனையே தான், வேற ஏதோ சொந்தக்கார மரம் இல்லை. 2005 இல அதைத் தேசிய மரம் எண்டு அறிவிச்சிருக்கினம், நாங்கள் கற்பகதரு எண்டு வாயால சொல்லிப்போட்டு வேலி அடைக்கவும் வளை வைக்கவும் தறிச்சுக்கொண்டிருக்கிறம். அங்க மரத்தோட நீட்டு மூங்கிலைச் சேத்துக் கட்டி, கணுவில கால் வைச்சு ஏணி மாதிரி ஏறுகினம், இடுப்பில கள்ளு எடுக்க மூங்கில் குழாய் தொங்கும். எங்கட ஆக்கள் காலில தளநார் போட்டு ஏறுற வீடியோ ஒண்டைப் போனில காட்டினன், ஒரு பெரியவர் பாத்திட்டுத் தலையில கை வைச்சிட்டார்.

ஊழியம் எண்டதும் கையில ட்ராக்ற்ஸோட வீடு வீடாப் போறது எண்டு தான் எங்கட சனம் நினைக்கும். அங்க அது தடை, அரசாங்கம் வடிவாச் சொல்லியிருக்கு, வீடு வீடாப் போய் மதம் பரப்பேலாது, மதம் மாறினா உதவி தாறன் எண்டு சொல்லவும் ஏலாது. 100 பேரில 95 பேருக்கு மேல பௌத்தர். கூப்பிட்ட வீட்டுக்கு மட்டும் போனனாங்கள், கேட்டா மட்டும் ஜெபிச்சனாங்கள். முதல் கிழமை எங்கட குறூப்பில சிலபேருக்கு அது பெரிய மனவருத்தம். எனக்கு உண்மையா நிம்மதி, எனக்கு வாய் வராது, கை தான் வரும்.

காலுக்கு அச்சு எடுக்கிறதைப் பாக்காத ஆக்களுக்கு ஒண்டு சொல்லவேணும். வெட்டுப்பட்ட காலின்ர மிச்சத்தில நனைச்ச பிளாஸ்ரர் பண்டேஜைச் சுத்துவம், அது இறுகேக்க சூடாகும். முதல்தரம் வாற ஆள் எண்டா பயந்து காலை இழுக்கப் பாக்கும். ஆனா நாங்கள் கையை எடுக்கேலாது, முழங்கால் சில்லுக்குக் கீழ ரண்டு பெருவிரலாலயும் அமத்திப் பிடிச்சுக்கொண்டே இருக்கவேணும், அந்தப் பள்ளம் சரியா விழுந்தாத் தான் பேந்து உடம்புப் பாரம் அதில இறங்கும், இல்லாட்டி எலும்பு நுனி போய்ச் சொக்கெற்றில, அதாவது மிச்சக் கால் உள்ள போய் இருக்கிற கூட்டில, குத்தும். பாசையும் தெரியாது, ஓடவும் ஏலாது, முகத்தை முகம் பாத்துக்கொண்டு அப்பிடியே இருக்கவேண்டியது தான். பொம்பிளையள் எண்டா நான் வருமட்டும் காத்துக்கொண்டு இருப்பினம், ஆம்பிளையளுக்கு முன்னால சீலையை உயத்த வெக்கம், அது எல்லா ஊரிலயும் ஒண்டு தான். ஜெபம் எண்டு ஆரும் சொன்னா எனக்கு இப்ப முதல் ஞாபகம் வாறது அந்தச் சூடு தான்.

வியாழன், கட்டுநாயக்க

சுருக்கமா எழுதுறன், நித்திரை வருது. கஸ்ரம்ஸில பையை ஸ்கான் பண்ணின பெடியன் ஸ்கிறீனைப் பாத்திட்டு என்னைப் பாத்தான், பேந்து மற்றவனைக் கூப்பிட்டான். மேக மொகக்த, இது என்ன எண்டு கேட்டான். உள்ளுக்க ரண்டு ரப்பர்ப் பாதம், சாம்பிளுக்குக் கொண்டுவந்தது. சிங்களத்தில விளங்கப்படுத்தினன், ராகம படிப்பு உதவிச்சுது. வெளிய எடுத்து விரலால தட்டித் தட்டிப் பாத்திட்டு, சைஸ் என்ன எண்டு கேட்டான், சப்பாத்துக் கடையில கேக்கிற மாதிரி. விட்டிட்டினம்.

வெள்ளவத்தையில சித்தி வீட்டில இரவு.

வெள்ளி, கோட்டையில இருந்து றெயின்

நல்லூர் திருவிழாச் சீசன், றெயின் முழுக்கக் கனடா லண்டன் ஆக்கள். பக்கத்தில இருந்த அன்ரி நானும் வெளிநாட்டால வாறன் எண்டு கேள்விப்பட்ட உடன எந்த நாடு, என்ன விசா, பிஆர் கிடைச்சிட்டோ எண்டு வரிசையாக் கேட்டவ. கம்போடியா எண்டு சொன்ன உடன முகத்தில ஒரு பரிதாபம், ஏஜென்சிக்காரன் ஏமாத்திப்போட்டானோ பிள்ளை எண்டு மெதுவாக் கேட்டவ. இல்லை அன்ரி நானா விரும்பிப் போனனான் எண்டன். அது இன்னும் மோசம் எண்ட மாதிரிப் பாத்திட்டுக் கடலை வடை தந்தவ.

1990 இல நிண்டுபோன றெயின் 2014 ஒக்ரோபரில தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது, அதுக்குப் பிறகு எத்தினையோ தரம் இதால போய் வந்திட்டன், ஆனையிறவில உப்பளம் வந்தா எழும்புவன், கொடிகாமத்தில பையை இறக்குவன், நடுவில பளையும் முகமாலையும் நித்திரையில போயிடும். இண்டைக்கு நித்திரை வரேல்லை.

முகமாலை எண்டா என்ன எண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லத்தேவையில்லை. வருசக்கணக்கா முன்னரங்கு, ரண்டு பக்கமும் விதைச்ச மிதிவெடி. ஹலோ ட்ரஸ்ட் ஆக்கள் 2002 இல இருந்து இஞ்ச வெடி எடுக்கினம், அதில கன பொம்பிளையள், குடும்பத்துக்கு உழைக்கிறது அவை தான், வெயிலுக்குள்ள முழங்காலில இருந்து அங்குலம் அங்குலமாத் தோண்டுறது. கம்போடியாவில இதுக்கு எலி பழக்கியிருக்கினம் எண்டு சொன்னா நம்பமாட்டியள். ஆபிரிக்காவில இருந்து கொண்டுவந்த பெரிய எலி, வெடிமருந்து மணத்தைப் பிடிச்சுக் காலால சுரண்டிக் காட்டும், பாரம் காணாதபடியால் வெடி வெடிக்காது. மகாவா எண்ட எலிக்கு 2020 இல தங்கப் பதக்கமே குடுத்தவை, பாவம் அது 2022 தொடக்கத்தில செத்துப்போச்சு.

அங்க 1979 க்குப் பிறகு மிதிவெடியிலயும் வெடிக்காமக் கிடந்த குண்டிலயும் செத்தது காயப்பட்டது எல்லாமா 65,000 பேர் அளவில. மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில அவை 1999 இலயே சேந்திட்டினம், நாங்கள் 2017 கடைசியில. அங்க என்னட்டக் கால் செய்ய வந்த ஆக்களில கனபேர் அறுபது வயசுக்காரர், எண்பதுகளில விறகு வெட்டப்போய், மாடு சாய்க்கப்போய் மிதிச்சவை. சண்டை முடிஞ்சு இவ்வளவு காலத்துக்குப் பிறகும் கால் செய்யிற இடத்தில வரிசை நிக்குது. எங்களுக்கு 2009 நேற்று மாதிரி. யன்னலால பாத்துக்கொண்டு வரேக்க இதைத் தான் யோசிச்சன், 2050 இலயும் இந்தப் பக்கத்தில ஆரோ ஒராள் பிளாஸ்ரர் நனைச்சுக்கொண்டு இருக்கத்தான் வேணும்.

சனி, வீடு

முதல் ஒரு பகிடி. அம்மாவுக்கு ஆசையாக் கொண்டுவந்த சாமான் பனங்கட்டி. கம்பொங் ஸ்பூ எண்ட இடத்துப் பனஞ்சீனி அங்க பேர்போனது, வடிவான ஓலைப் பெட்டியில போட்டு வித்தவை, விலையையும் பாக்காமல் வாங்கிப்போட்டன். அம்மா பெட்டியைத் திறந்து பாத்திட்டு ஒண்டும் சொல்லேல்லை, உள்ளுக்க போய்ச் சந்தையில வாங்கின எங்கட பனங்கட்டிக் குட்டானைக் கொண்டுவந்து பக்கத்தில வைச்சா. யாழ்ப்பாணத்துக்குப் பனங்கட்டி இறக்குமதி செய்த ஆள் எண்டு அப்பா காலமை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பு.

பக்கத்து வீட்டு மாமி வந்தவ, எதிர்வீட்டு அக்கா வந்தவ, சபை ஆக்கள் ரண்டுபேர் வந்தவை. எல்லாருக்கும் ரண்டே ரண்டு கேள்வி தான். ஏன் இப்பிடிக் கறுத்துப்போனாய், எத்தினைபேர் இரட்சிக்கப்பட்டினம். முதலாவதுக்கு வெயில் எண்டன். ரண்டாவதுக்கு மறுமொழி சொல்லாமல் தேத்தண்ணி ஊத்தப் போயிட்டன். எண்ணிக்கை வைச்சுச் சொல்லுற ஆக்களை நான் குறை சொல்லேல்லை, அப்பிடித்தான் நாங்கள் சின்னனில இருந்து கேட்டு வளந்தனாங்கள், ஊழியத்தால வாறவர் மேடையில ஏறுவார், ஒரு நம்பர் சொல்லுவார், நாங்கள் அல்லேலூயா சொல்லுவம். ஆனா என்ர கையில கால் எடுத்துக்கொண்டு போன ஆக்களைப் பாத்து இவை என்ர கணக்கு எண்டு சொல்ல எனக்கு நாக்கு எழும்புதில்லை.

பின்னேரம் பனங்காய்ப் பணியாரம். அம்மா பனங்களியைப் பிசைஞ்சு கொண்டிருந்தா, நான் அடுப்படியில நிலத்தில இருந்தன், கதிரை இருக்க ஏன் பிள்ளை நிலத்தில இருக்கிறாய் எண்டா. அங்க நிலத்தில இருந்து பழகிப்போச்சு. சும்மா கதையோட கதையா ஒரு அம்மாவைப் பற்றிச் சொன்னன்.

எழுபது வயசு இருக்கும் அவவுக்கு, வலது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. இளந்தாரி வயசில புனோம் பென்னில இருந்தவவாம். 1975 சித்திரை 17, கெமர் றூஜ் ஆக்கள் ரவுணுக்குள்ள வந்து எல்லாரும் வெளிக்கிடுங்கோ, அமெரிக்கன் குண்டு போடப்போறான், மூண்டு நாளில திரும்பி வரலாம் எண்டு சொல்லித் துவக்கோட கலைச்சிருக்கிறாங்கள். ஆஸ்பத்திரியில கிடந்த நோயாளியையும் கட்டிலோட தள்ளிக்கொண்டு போனவையாம். முழு நகரமும் வெறிச்சோடிப்போச்சு. அதுக்குப் பிறகு நாலு வருசத்துக்குள்ள நாடு முழுக்க 17 இலட்சம் அளவில சனம் செத்தது, அவவின்ர வீட்டில மிஞ்சினது அவவும் ஒரு தங்கச்சியும். இதைச் சொல்லிப்போட்டு, மொழிபெயர்க்கிற பெடியனிட்ட, இந்தப் பிள்ளையின்ர ஊரிலயும் சண்டை எண்டு சொன்னீங்களே, அங்க என்ன நடந்தது எண்டு கேளுங்கோ எண்டவ. அங்க வந்த வெள்ளைக்கார ஆக்களிட்ட அவ ஒருக்காலும் அப்பிடிக் கேட்டதில்லையாம், பெடியன் சொன்னவன்.

இதைச் சொல்லி முடிக்க அம்மா கையைக் கழுவேல்லை, அப்பிடியே களிக் கையோட இருந்துகொண்டு சொல்லத் தொடங்கினா. எங்கள் வீட்டில எல்லாருக்கும் தெரியும் 95 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில நாவற்குழியால நடந்து போனவை எண்டு. ஆனா அம்மா அதை எப்பவும் ஒரு வரியில முடிச்சுப்போடுவா, ஓமோம் நடந்து போனனாங்கள், சரியான கஸ்ரம், எண்டு. நான் அப்ப பிறக்கேல்லை, அண்ணா கைக்குழந்தை. இண்டைக்குச் சொன்னா, லவுட்ஸ்பீக்கரில அறிவிச்ச உடன கதவைப் பூட்டித் திறப்பைத் தாலிக்கொடியில கொழுவினதை, மழை பெய்யேக்க குடையைத் தலைகீழாப் பிடிச்சு அதில சேந்த தண்ணியை அண்ணாவுக்குப் பருக்கினதை, சன நெரிசலில ஒரு அடி வைக்க எவ்வளவு நேரம் நிண்டதை, முன்னால போன வயசுபோன ஒராள் இருந்த இடத்திலயே சரிஞ்சதை, அவரைத் தாண்டி நடந்ததை. தாண்டி நடந்தனாங்கள் பிள்ளை, நிக்கேலாது, பின்னால சனம் தள்ளுது எண்டா. பேந்து, அந்த மனுசியும் அப்பிடித்தானே தாண்டிப் போயிருக்கும் எண்டா. அடுப்பில எண்ணெய் புகைஞ்சுபோச்சு, அப்பா வந்து நெருப்பைத் தணிச்சார்.

என்ர அம்மாவிட்ட இந்தக் கதையை எடுக்க நான் புனோம் பென் மட்டும் போய் வந்திருக்கிறன்.

ஞாயிறு, சேர்ச்

ஆராதனைக்கு நடுவில எனக்குச் சாட்சி சொல்ல நேரம் தந்தவை. அறிமுகம் செய்த அண்ணை எங்கட சபையின்ர மிஷனறி எண்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, ஏனெண்டா நாங்கள் மானிப்பாயில இருந்துகொண்டு அந்தச் சொல்லைச் சொன்னா எல்லாருக்கும் ஒராள் தான் ஞாபகம் வருவார், டொக்டர் கிறீன்.

மானிப்பாய்ப் பிள்ளையளுக்குத் தெரியும், வெளியூர் ஆக்களுக்காக எழுதுறன். சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்காவில மாசச்சூசெற்ஸ் வூஸ்டர் ஊர், 1847 இல 25 வயசு அளவில அமெரிக்க மிஷன் டொக்டரா யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில வைத்தியம் பாத்தார், அதோட நிக்கேல்லை, தமிழ் படிச்சார், எங்கட பெடியளுக்கு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலயே படிப்பிச்சார், உடற்கூறு, இரண வைத்தியம், பிள்ளைப்பேறு, இரசாயனம் எல்லாத்துக்கும் தமிழில புத்தகம் போட்டார். இடையில ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டிக்கொண்டு 1862 இல திரும்பி வந்து 1873 மட்டும் இருந்தவர். அவரிட்டப் படிச்சு வைத்தியரா வந்தவை அறுபதுபேருக்கு மேல. வூஸ்டரில அவரின்ர கல்லறையில தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் எண்டு தான் எழுதிக் கிடக்கு. அவரின்ர பேரில ஆஸ்பத்திரி இப்பவும் எங்கட ஊரில நிக்குது. அவர் எத்தினைபேருக்கு ஞானஸ்நானம் குடுக்கக் காரணமா இருந்தவர் எண்டு நான் சபையில கேட்டன், ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. எத்தினைபேரை டொக்டர் ஆக்கினவர் எண்டு கேட்டன், பின் வாங்கில இருந்து சண்டே ஸ்கூல் பெடியன் ஒருத்தன் சத்தமாச் சொன்னான்.

இதை வைச்சுத் தான் என்ர கதையைச் சொன்னன். செயற்கைக் கால் ஒண்டு வளந்த ஆளுக்குச் சில வருசம் தான். சின்னப் பிள்ளை எண்டா வளரவளர ஆறு மாசம், ஒரு வருசத்தில மாத்தவேணும். புதுசாக் கால் வெட்டின ஆளுக்கு மிச்சக் கால் கொஞ்ச மாசத்தில மெலிஞ்சுபோம், சொக்கெற் தொளதொளக்கும், துணி சுத்தி அடைப்பினம், அப்பிடியே புண் வரும். கால் குடுக்கிறது ஒரு நாள் வேலை இல்லை, அந்த ஆள் இருக்குமட்டும் நீயும் இருக்கவேணும், இல்லாட்டி உன்ர இடத்தில இன்னொராள் இருக்கவேணும். நான் ஒரு சம்மர் போய் வந்தனான், நான் செய்த காலுகளை இனிப் பாக்கப்போறது அங்க இருக்கிற கம்போடிய ரெக்னீசியன்மார் தான், அவை 1994 இல புனோம் பென்னில தொடங்கின பள்ளிக்கூடத்தில படிச்சு வந்த ஆக்கள், என்னை விட நல்ல வேலைகாரர். அவைக்கு நான் போகாட்டியும் ஒண்டும் குறைஞ்சிராது. எனக்குத் தான் போகாட்டி குறைஞ்சிருக்கும். இதைச் சொல்லேக்க சபை ஒரு மாதிரி அமைதியாப் போச்சு, அல்லேலூயாவும் வரேல்லை, போதகர் ஐயா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

முடிஞ்சு வெளிய வரேக்க மூப்பர் ஒருத்தர் பிடிச்சிட்டார். பிள்ளை, நல்லாச் சொன்னாய், ஆனா ஆண்டவரைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லியிருக்கலாம். சரி அங்கிள் எண்டன். அவர் நல்ல மனுசன், எனக்குப் படிப்புக்குக் காசு குடுத்தவர். வீட்டை வரும்வழி முழுக்க அதை யோசிச்சுக்கொண்டு வந்தன். நான் கம்போடியாவில இருந்த காலத்தில ஆண்டவரை விட்டுத் தூரம் போகேல்லை, அது எனக்கு வடிவாத் தெரியும், முந்தி நான் ஜெபிக்கிறது முழுக்க எனக்குத் தா, எனக்குக் காட்டு, என்னைப் பயன்படுத்து எண்டு தான், இப்ப பேர் பேராத் தான் வருது, கால் இல்லாத ஆக்களின்ர பேர். ஆனா அதை மைக்கைப் பிடிச்சு எப்பிடிச் சொல்லுறது எண்டு தான் பிடிபடேல்லை.

திங்கள், வேலை

திரும்ப வேலைக்குப் போன முதல் நாளே பளைப் பக்கத்தில இருந்து ஒரு அக்கா வந்தவ. இடது கால், முழங்காலுக்குக் கீழ. போட்டிருந்த கால் ஐஞ்சாறு வருசப் பழசு, பாதத்தில ரப்பர் வெடிச்சு உள் கட்டை தெரியுது, சொக்கெற்றுக்குள்ள பழைய சீலைத் துண்டு ஐஞ்சாறு மடிப்பு. ஏன் அக்கா இவ்வளவு காலம் வரேல்லை எண்டு கேட்டன். ஒரு நாள் வந்து போனா ஒரு நாள் கூலி போச்சு, அச்செடுக்க ஒருக்கா, போட்டுப் பாக்க ஒருக்கா, திருத்த ஒருக்கா எண்டு வரச் சொல்லுவியள், மாட்டை ஆர் பாக்கிறது எண்டா. அவவுக்குச் செருப்புப் போடுற பாதம் வேண்டாமாம், வெறும் காலோட வயலுக்க இறங்கிற பாதம் தான் வேணுமாம். 1968 இல இந்தியாவில ஜெய்ப்பூர்ப் பாதம் கண்டுபிடிச்சதே இதுக்காகத் தான், சப்பாத்து இல்லாமல் சேத்துக்க நடக்கவும் கோயிலுக்க போகவும் சம்மணம் கட்டி இருக்கவும், எங்கட மாதிரி ஆக்களுக்கெண்டே செய்த சாமான்.

அச்செடுக்கேக்க அவ காலை இழுக்கேல்லை, பழகின ஆள். சூடா இருக்குதோ அக்கா எண்டு கேட்டன், இதெல்லாம் ஒரு சூடோ பிள்ளை எண்டு சிரிச்சவ. தன்ர ஒழுங்கையிலயே இன்னும் நாலுபேர் இப்பிடித் துணி சுத்திக்கொண்டு திரியினமாம்.

செவ்வாய், கொமிட்டி

பின்னேரம் சேர்ச் மண்டபத்தில மீற்றிங். அடுத்த வருசம் ரண்டுபேரை அனுப்புவமோ, ரிக்கெற் என்ன விலை, ஆர் போறது எண்டு கதை. நான் என்ர யோசினையைச் சொன்னன். ஆக்களை அனுப்புங்கோ, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை, போறவைக்கு நல்லது. ஆனா அதுக்கு முதல் மாசத்தில ஒரு சனி ஒரு வான் எடுப்பம், நான் பளைக்குப் போய் அங்கயே அச்செடுத்துக்கொண்டு வாறன், இஞ்ச வைச்சுச் செய்து, அடுத்த மாசம் கொண்டுபோய்ப் போட்டுப் பாக்கிறன். அவையின்ர பஸ் காசும் கூலியும் மிச்சம். வேலை செய்யிற இடத்தில கேட்டிட்டன், சாமான் தருவினம், வாகனம் இல்லையாம்.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசேல்லை. பேந்து ஒரு அங்கிள் கேட்டார், அவை எங்கட சபை ஆக்களோ எண்டு. இல்லை அங்கிள், கன ஆக்கள் சைவம் எண்டன். மற்ற அங்கிள் கேட்டார், அப்ப அதை ஊழியம் எண்டு கணக்கில எழுதலாமோ எண்டு. ஐயா சொன்னார், கிறீன் டொக்டரிட்ட வந்த ஆக்களும் சைவம் தான் எண்டு. அதோட கதை கணக்குப் புத்தகத்துக்குப் போய், மிஷன் நிதியில எடுக்கிறதோ, சமூகசேவை நிதியில எடுக்கிறதோ எண்டு முக்கால் மணித்தியாலம் இழுபட்டுது. மூப்பர் அங்கிள் கடைசியா, தன்ர மருமகனின்ர வான் சனிக்கிழமையில சும்மா தான் நிக்குது, ஆனா டீசல் தாங்கள் அடிக்கேலாது எண்டார்.

டீசல் ஆர் அடிக்கிறது எண்டு வாற வியாழன் திரும்பக் கூடுகினமாம். நான் அக்காவுக்குப் போன் பண்ணி, அந்த நாலுபேரின்ர நம்பரையும் எடுத்துவைக்கச் சொல்லிப்போட்டன்.